திறக்கக் கூடாத ஜன்னல்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் விரிசல். மதியத்துக்கு மேல் இழுத்த நாலு தட்டும் போச்சு. காலையில் இழுத்தவை பளிச்சென்று இருக்கின்றன. அதே கரைசல், அதே கண்ணாடி, அதே உலை, இழுத்ததும் அதே ஆள்.

மேலாளர் உருப்பெருக்கியில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "காஞ்ச குளம் மாதிரி இருக்கு" என்றார். மாதக் கடைசியில் ஓவியக்கூடத்துக்காரர்கள் வந்து பார்க்கப் போகிறார்களாம். அதற்குள் விரிசல் இல்லாத தட்டு வேண்டுமாம். ஏதோ நான் விரிசலை ஆசைப்பட்டு வளர்க்கிற மாதிரி.

ஓவியங்களுக்கு முன்னால் மாட்டுகிற கண்ணாடி அது. பார்க்கிறவர் முகம் அதில் தெரியக் கூடாது, படம் மட்டும்தான் தெரிய வேண்டும். அதற்காகக் கண்ணாடியின் மேல் ஆக்சைடு படலம் ஏற்றுகிறோம். ஒரு தலைமுடியின் கனத்துக்குள் எழுநூறு படலம் அடுக்கலாம், அவ்வளவு மெலிசு. தட்டைக் கரைசலில் முக்கி, மோட்டாரால் மெதுவாக மேலே இழுத்து, அப்படியே உலரவிட்டு, பிறகு உலையில் வைத்துச் சுட வேண்டும். உலரும்போது படலம் சுருங்கப் பார்க்கும். அடியிலிருக்கும் கண்ணாடி சுருங்காது, பிடியையும் விடாது. இந்த இழுபறியில் படலம் கிழிந்துவிடும். என்னுடைய தொழில் முழுவதையும் இதற்குள் அடக்கிவிடலாம்.

மனைவி ஃபோன் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்கு அலுவலகக் கூட்டம் இருக்கும். தெரியும். இருந்தும் ஃபோனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

மார்ச் 4, புதன்

இன்றைக்கும் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். அவள் வெளியூர் வேலைக்குப் போய் ஒன்பது மாதம் ஆகிறது. கைக்கு இன்னும் சேதி எட்டவில்லை.

மார்ச் 6, வெள்ளி

பூதக்கண்ணாடி ஒரு யோசனை சொன்னார். என்னோடு வேலை செய்கிற அந்தப் பெண்ணுக்கு இந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. எப்போது பார்த்தாலும் உருப்பெருக்கியில்தான் இருப்பார். பெயர் அவருக்கும் தெரியும், கோபமில்லை. எனக்கு அவர் என்ன பெயர் வைத்திருக்கிறாரோ, அது இன்னும் என் காதுக்கு வரவில்லை.

"காலையில கலக்கற கரைசல் சாயங்காலத்துக்குள்ள கெட்டியாயிடுது சார். கெட்டியானா படலம் கனமாகும். கனமானா வெடிக்கும்" என்றார்.

நியாயமான பேச்சு. கனமான படலம் வெடிக்கும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதனால்தான் ஒரே பூச்சாகப் பூசாமல், மெலிசாகப் பூசிச் சுட்டு, மறுபடி பூசிச் சுட்டு என்று போகிறோம். திங்கள் முதல் மதியத்துக்கென்று தனியாகக் கரைசல் கலக்கப் போகிறோம்.

நாளைக்கு சனி. அவள் வருவாள்.

மார்ச் 7, சனி

வரவில்லை.

அவள் ஊர் பஸ் நாலரைக்கு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எதிரே வந்து நிற்கும். அந்த நேரத்தில் மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். "உலையைப் பார்த்துக்க ஒருத்தன் இருக்கணுமே" என்று நான் மட்டும் இருந்துகொள்வேன். உலைக்கு என் தயவு ஒன்றும் தேவையில்லை, அது பாட்டுக்கு எரியும். ஜன்னல் மங்கல் கண்ணாடி. நாலு விரல் அளவு திறந்தால்தான் தெரு தெரியும். திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். சனிக்கிழமைதான் வருவாள் என்று தெரிந்தும் தினமும் நிற்கிறேன், வெட்கத்தை விட்டு எழுதிவைக்கிறேன். செவ்வாய்க்கிழமையும் நிற்கிறேன். பஸ் என்ன, மந்திரமா, நாள் தவறி அவளைக் கொண்டுவந்து இறக்க? இருந்தும்.

இன்றைக்கு எல்லாரும் இறங்கினார்கள். கடைசியாக ஒரு கிழவர், கையில் ஒரு சைக்கிள் டயர். அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு ஃபோன் செய்தாள். பெரிய குழாய் உடைந்து பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லையாம். குடிநீர் வாரியத்தில் அவள் வரைவாளர். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது என்பதை அவளைக் கேட்டால்தான் தோண்ட முடியும். "சாரிங்க" என்றாள். "பரவாயில்ல" என்றேன். பரவாயில்லையாம்!

மார்ச் 8, ஞாயிறு

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் அவளே கூப்பிட்டாள். "இங்கயே நிரந்தரமா இருந்துக்கறீங்களான்னு கேக்கறாங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

"நல்ல விஷயம்தானே."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"உன் இஷ்டம்."

லைன் போய்விட்டதோ என்று ஃபோனைப் பார்த்தேன். இருந்தது.

"எல்லாத்துக்கும் என் இஷ்டம்தானா?" என்றாள். பிறகு, "சரி, வெச்சுடறேன்."

ஒரு வருஷம்தான் என்று சொல்லி அனுப்பிய வேலை. ஜூனில் திரும்பி வந்துவிடுவாள் என்று நான் மாதத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அப்படியிருக்க ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் அங்கே சந்தோஷமாக இருக்கிறாள். அவள் போட்ட கோட்டின் வழியே ஒரு ஊருக்கே தண்ணீர் போகிறது. அதை விட்டுவிட்டு வா, எனக்கு வீட்டில் பொழுது போகவில்லை என்று சொல்ல வேண்டுமா? பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அடேய், அவ உன்கிட்ட அனுமதியா கேட்டா? உனக்கு என்ன வேணும்னு கேட்டா. அதுக்கு ஒரு வார்த்தை வரல உனக்கு.

அக்காவிடம் ஃபோனில் புலம்பினேன். "வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா? அழுத பிள்ளைக்குத்தான் பாலுடா" என்றாள். எனக்கு நாற்பத்தாறு வயது என்றேன். "அப்ப சத்தமாவே அழு" என்றாள்.

மார்ச் 10, செவ்வாய்

மதியத்துக்குப் புதுக் கரைசல். மூன்று தட்டு. மூன்றிலும் விரிசல். கரைசல் மேல் போட்ட பழி வீண். மலையைக் கெல்லி எலியைப் பிடித்தாலும் பரவாயில்லை, இங்கே எலியையும் காணோம்.

மார்ச் 12, வியாழன்

வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பியிருந்தார். குளியலறைக்கு வெளியே இருக்கிற சுவரில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. குடிவந்த புதிதில் அவள் போட்டவை. சுவருக்குள் தண்ணீர்க் குழாய் போகிற வழி. "இந்தக் கோட்டு மேல மட்டும் ஆணி அடிச்சுடாதீங்க, வீடு குளமாயிடும்" என்று சொல்லிக்கொண்டே வரைந்தாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, நாலடி பின்னால் போய் நின்று, கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

பெயின்டரிடம் அந்தச் சுவரை விட்டுவிடச் சொன்னேன். "அழுக்கா இருக்கே சார்" என்றார். இருக்கட்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மற்ற மூன்று சுவரையும் அடித்துவிட்டுப் போனார்.

மார்ச் 14, சனி

வந்தாள்! நீலக் குடை முதலில் இறங்கியது, பின்னால் அவள். சாலையைக் கடந்து, எங்கள் வாசல் காவலாளியிடம் ஏதோ சொல்லிச் சிரித்து, வீட்டுப் பக்கம் திரும்பி நடந்து, முனையில் மறையும் வரைக்கும் ஜன்னலிலேயே நின்றேன். ஓடிப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். தொட்டியில் தட்டு ஏறிக்கொண்டிருந்தது. அதை ஒரு சாக்காக எழுதவில்லை. சாக்குதான்.

நான் வீட்டுக்குப் போனபோது சமையலறைக் குழாயைக் கழற்றி வைத்திருந்தாள். "சொட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?" என்றாள். சொட்டுவதே எனக்குத் தெரியாது. ஒன்பது மாதமாக அந்தச் சத்தத்தை நான் கடிகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

பேச வேண்டியதைப் பேசவில்லை. விலைவாசி, அக்காவின் முட்டி வலி, ஆய்வுக்கூடத்து வம்பு எல்லாம் பேசினோம்.

மார்ச் 15, ஞாயிறு

போய்விட்டாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

"காலையில குளிரும். சால்வை எடுத்துக்கோ" என்றேன்.

எடுத்துக்கொண்டாள். அவள் பக்கத்துத் தலையணை நடுவில் இன்னும் குழிந்திருக்கிறது. தட்டிச் சரிசெய்ய மனம் வரவில்லை. எனக்கு அவள் வேண்டும். இங்கேதான் எழுதத் தெரிகிறது. வா என்றால் ஒரே எழுத்து. அதைக்கூடச் சொல்ல முடியாத வாய் எனக்கு எதற்கு?

மார்ச் 16, திங்கள்

சனிக்கிழமைத் தட்டுகளை உலையிலிருந்து எடுத்தோம். இதுவரை வந்ததிலேயே மோசம். உருப்பெருக்கியே வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரிகிறது. சில இடங்களில் படலம் செதில் செதிலாக உரிந்து நிற்கிறது.

"சனிக்கிழமை மட்டும் என்ன சார் ஆச்சு?" என்று பூதக்கண்ணாடி கேட்டார். தெரியவில்லை என்றேன். அப்போது நிஜமாகவே தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

இன்று ஒரு பிடி கிடைத்தது. பூதக்கண்ணாடி பழைய தட்டுகளையெல்லாம் மேசையில் பரப்பி, விரிசல் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாமே இடது ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே ஓடுகின்றன. "கண்ணாடியை வெட்டறப்பவே அந்த ஓரம் பழுதாகுதோ?" என்றார்.

அதற்கு ஒரு சோதனை செய்தோம். வெட்டிய இடத்தில் அடையாளம் வைத்து, சில தட்டுகளைத் திருப்பி மாட்டினேன். ஓரம்தான் குற்றவாளி என்றால் விரிசலும் அதோடு சேர்ந்து வலது பக்கம் போக வேண்டும். போகவில்லை. எந்த ஓரத்தை இடது பக்கம் வைத்தாலும் அங்கேதான் வெடிக்கிறது. ஆகக் கண்ணாடி மேல் தப்பில்லை. தொட்டிக்கு இடது பக்கத்தில்தான் ஏதோ இருக்கிறது.

இடது பக்கத்தில் சுவர்தான் இருக்கிறது என்றார் மேலாளர்.

மார்ச் 20, வெள்ளி

சுவரில் ஜன்னல் இருக்கிறது.

நாலரைக்கு வழக்கம்போலப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். கைக்கு நேர் மேலே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: "இந்த ஜன்னலைத் திறக்கக் கூடாது. ஈரப்பதம் மாறும்." என் கையெழுத்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் நானே எழுதி நானே ஒட்டியது. தினமும் அதன் கீழேதான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

கை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் மதியம் இழுத்த தட்டுகள் உலர்ந்துகொண்டிருந்தன, தொட்டியில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. ஈரப் படலம், அதன் இடது ஓரம் என்னைப் பார்த்தபடி. வெளியே, மழைக்காலம் போய் இப்போது வறண்ட காற்று. நாலு விரல் திறந்தால் போதும், அந்த ஓரம் மட்டும் முந்திக்கொண்டு உலரும், முந்திக்கொண்டு சுருங்கும், கிழியும். சனிக்கிழமை மட்டும் என்ன ஆச்சு என்று கேட்டார்களே. சனிக்கிழமை அவள் வந்தாள். முனையில் மறையும் வரைக்கும் நான் ஜன்னலை மூடவில்லை.

நாற்பது தட்டுக்கு மேல் இருக்கும். அத்தனையையும் அவளைப் பார்த்துப் பார்த்தே உடைத்திருக்கிறேன்.

டீ குடித்துவிட்டு வந்த பூதக்கண்ணாடியிடம் சொன்னேன்.

"ஜன்னலா? யாரு தொறந்தது?"

"நான்தான்."

"நீங்களா? எதுக்கு?"

"பஸ் பாக்க."

அவர் சிரிக்கத் தயாரானார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு டேப்பை எடுத்துவந்து ஜன்னல் விளிம்பைச் சுற்றி நான்கு பக்கமும் ஒட்டினார். நான் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 21, சனி

நாலரைக்கு பஸ் வந்த சத்தம் கேட்டது. கதவு திறக்கிற சத்தம், ஆட்கள் பேசுகிற சத்தம். மங்கல் கண்ணாடியில் நிழல்கள் போயின. ஒன்றில் நீலம் தெரிந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு ஓட்டமாகப் போனேன். பூட்டித்தான் இருந்தது.

மார்ச் 23, திங்கள்

உலை இன்னும் ஆறவில்லை. மேலாளர் சுற்றிச் சுற்றி வருகிறார். "லேசாத் தொறந்து பாக்கலாமே?" சூடாக இருக்கும்போது திறந்தால் குளிர்ந்த காற்று பட்டு, பிழைத்த தட்டும் போய்விடும். "ஆக்கப் பொறுத்தவரு ஆறப் பொறுக்க மாட்டீங்களா?" என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

அவளிடமிருந்து ஃபோன் இல்லை. நானும் செய்யவில்லை. என்ன சொல்ல? குழாய் சொட்டவில்லை என்றா?

மார்ச் 24, செவ்வாய்

ஒரு விரிசல் இல்லை. பூதக்கண்ணாடி ஒவ்வொரு தட்டாக, ஓரம் ஓரமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். காலையில் இழுத்தது எது, மாலையில் இழுத்தது எது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. ஒரு தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். என் முகம் தெரியவில்லை. எதிர்ச்சுவர்தான் தெரிந்தது.

இதை முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதன் பிறகு நாள் முழுக்க எதுவும் ஓடவில்லை.

மார்ச் 26, வியாழன்

ஓவியக்கூடத்துக்காரர்கள் வந்தார்கள். ஒரு படத்தின் மேல் தட்டை வைத்துக் காட்டினோம். வந்த அம்மாள் படத்தைத் தொடுவதாக நினைத்துக் கண்ணாடியில் விரலை இடித்துக்கொண்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. மேலாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண வீட்டில் பெண்ணுக்கு அப்பா மாதிரி.

எல்லாரும் போன பிறகு, டேப் ஒட்டிய ஜன்னலுக்குப் பக்கத்தில் சும்மா நின்றேன். பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த பூதக்கண்ணாடி தலையைத் திருப்பாமலே கேட்டார்:

"அந்த பஸ் திரும்பிப் போகாதா சார்?"

"ம்?"

"இங்க வர்ற பஸ் அஞ்சு மணிக்குத் திரும்பிப் போகும்ல? இல்ல, இங்கயே நிப்பாட்டி வித்துடறாங்களா?"

உலையை யார் பார்த்துக்கொள்வது என்றேன். "நான் எதுக்கு இருக்கேன்?" என்றார்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒன்பது மாதமாக தினமும் அந்த பஸ்ஸில் இறங்குகிறவர்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஏறுகிறவர்களைப் பார்த்ததே இல்லை. அவளைக் கொண்டுபோய் விட்டபோது ஒரு தடவை போனதோடு சரி. ஜனவரியில் வேறு அறைக்கு மாறினாள். அது எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

மார்ச் 27, வெள்ளி

சட்டை இஸ்திரி போட்டேன். காலரைச் சுட்டுவிட்டேன். வேறு சட்டை.

மார்ச் 29, ஞாயிறு

இதை அவள் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள். குடிநீர் வாரியத்தில் வேலை, வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

நேற்று ஐந்து மணி பஸ்ஸில் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க ஒத்திகை. இறங்கி, விலாசம் விசாரித்து, மாடி ஏறினேன். தட்டுவதற்குக் கையைத் தூக்குகிறேன், கதவு திறந்துவிட்டது. அவள் நிற்கிறாள். கண் சிவந்திருந்தது.

"எப்படித் தெரியும்?"

"சும்மாதான் தொறந்தேன்" என்றாள். "சாப்டீங்களா?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. நின்றபடியே ஜன்னல் கதையைச் சொன்னேன். பஸ், நாலு விரல் இடைவெளி, நானே ஒட்டிய காகிதம், உடைந்த தட்டுகள் எல்லாம். முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"உன் இஷ்டம்னு சொன்னேன்ல. அது பொய். என் இஷ்டத்தச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"வா."

அவள் சால்வை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "திங்கக்கிழமை போய் சரின்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன்" என்றாள். "நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு நெனச்சுட்டேன். நம்ம ஊர் அலுவலகத்துலயும் இதே வேலை காலியா இருக்கு. கேட்டா கிடைக்கும். யாருக்காகக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்."

"இப்ப?"

"இப்ப கேக்கறேன். ஆனா ஜூன் வரைக்கும் இங்க முடிச்சுக் குடுத்துட்டுத்தான் வருவேன். பாதியில விட மாட்டேன். அதுவரைக்கும் ஒரு சனி நான் வரேன், ஒரு சனி நீங்க."

நான் தலையாட்டினேன். "வாயைத் தொறந்து சொல்லுங்க" என்றாள். சரி என்றேன்.

காலையில் எழுந்து பார்த்தால் அறையில் நல்ல வெயில். அவள் மேசையை ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறாள். ஜன்னலைப் பார்த்த நாற்காலி, அதற்குப் பின்னால் சுவர். காலை வெயில் நேராக வந்து முகத்தில் அடிக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் குழாய்க் கோடு எது, கூசுகிற வெளிச்சம் எது என்றே தெரியவில்லை. வெளிச்சம் எங்கே பட்டுத் தெறிக்கும் என்று இருபது வருஷமாகப் பார்க்கிறவன் நான். மேசையைப் போட இந்த அறையில் இதைவிட மோசமான இடம் கிடையாது. நேற்று கண் சிவந்திருந்தது இதனால்தானோ, என்னவோ.

"கண்ணு கூசாதா? மேசையை அந்தச் சுவரோரமாப் போட்டுடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் வேண்டாம்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பினாள். "இங்கதான் காத்து நல்லா வரும்."

அவள் போனதும் நாற்காலியில் உட்கார்ந்தேன். கீழே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம். நேற்று நான் வந்து இறங்கி, விலாசம் விசாரித்துக்கொண்டு நின்ற இடம் அப்படியே தெரிகிறது.

ஜன்னலைத் திறந்து பார்க்கலாம் என்று தாழ்ப்பாளைத் தேடினேன். தாழ்ப்பாள் இல்லை, கீலும் இல்லை. ஒரே கண்ணாடி, நாலு பக்கமும் சுவரோடு வைத்துப் பூசியிருக்கிறது, காற்று நுழைய வழியே இல்லை.